மாரிகாலத்து அடுப்பும் மனைச் செலவும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் செலவை எவ்வாறு குறைக்கலாம் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். இத்தலைப்பைக் கேட்டதும் சிலர் நகைக்கக்கூடும். கதிரவன் ஆண்டு முழுவதும் தலைக்குமேல் நின்று காயும் யாழ்ப்பாணத்திலே வீட்டைச் சூடாக்கும் பேச்சு எதற்கு என்று அவர்கள் வினவலாம். அவ்வினா நியாயமானதே. மார்கழி, தை மாதங்களிற்கூட நமது குடாநாட்டில் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. இங்கு எந்த வீட்டிலும் அறையைச் சூடாக்கும் பொறி இல்லை, அது தேவையுமில்லை.

ஆயினும், ஐப்பசியில் மழை தொடங்கி, வாடைக்காற்று வீசி, மார்கழிப் பனி இறங்கும்போது நம் வீடுகளில் நெருப்பின் தேவை பெருகுகிறது என்பதை எவரும் மறுக்கமாட்டார். திருவெம்பாவைக் காலத்தில் விடியுமுன் நீராடுவோர்க்குச் சுடுதண்ணீர் வேண்டும். முதியோர்க்கும் குழந்தைகட்கும் பிள்ளைபெற்ற தாய்மார்க்கும் அது வேண்டியதே. தேநீரும் கோப்பியும் இரண்டு முறை என்றிருந்தது நான்கு முறையாகும். ஆனால் நெருப்பு மிகவும் வேண்டப்படும் அக்காலத்திலேதான் விறகு நனைந்து கிடக்கிறது. ஆதலால் நமது நாட்டில் வெப்பச் செலவு என்பது குசினிச் செலவே. அந்த அடுப்பைப் பற்றியே நாம் பேசவேண்டும்.

முதலிலே, மெய்யாகவே குளிரில் வாழ்வோரைச் சற்று நினைத்துப் பார்ப்போம். நம்மில் உறவினர் ஒருவரேனும் கடல்கடந்து வாழாத குடும்பம் அரிது. கனடாவின் ரொறன்ரோவில் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே பத்துப் பாகைக்கு மேல் இறங்கும் நாட்கள் உண்டு. அங்கே வீட்டைச் சூடாக்காமல் உயிர்வாழ்தல் இயலாது. நமது நாட்டிலேயே நுவரெலியாவில் தை, மாசி மாதங்களிற் சில நாட்களில் புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு. மலையகத்துத் தோட்ட லயன்களிலே, தேயிலையைக் கவ்வாத்துச் செய்து கிடைக்கும் மிலாறே பலருக்கு விறகு. சோறாக்கும் அடுப்பே குளிர்காயும் அடுப்புமாகும்.

குளிர்நாட்டு மக்கள் தம் அனுபவத்தாற் கண்ட உண்மைகள் மூன்று. ஒன்று, வேண்டிய அளவுக்கு மேல் வெப்பத்தை உண்டாக்காதிருத்தல். இரண்டு, வேண்டிய இடத்திலே மட்டும் அதனைச் செலுத்துதல். மூன்று, உண்டான வெப்பத்தைத் தப்பவிடாது காத்தல். நாள்தோறும் எட்டு மணிநேரம் வீட்டின் வெப்பத்தை நான்கைந்து பாகை தாழ்த்தி வைத்தால், ஆண்டுச் செலவில் நூற்றுக்குப் பத்து வீதம் வரை மிஞ்சும் என்று அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் கூறுகிறது. கதவிடுக்கை அடைத்தலும், கூரையின் உட்புறத்தே வெப்பங்காக்கும் பஞ்சுப்படை இடுதலும் அங்கே பெரும்பயன் தருவன. ஆனால் அச்சிக்கனத்திற்கும் ஓர் எல்லை உண்டு. குளிர்நாடுகளில் வீட்டினுள் 18 பாகைக்குக் குறையாத வெப்பம் இருத்தல் வேண்டும் என 2018இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரை செய்தது. முதியோர்க்கும் நோயாளர்க்கும் அதனினும் கூடுதலாக வேண்டியிருக்கலாம். பணத்தை மிச்சம்பிடிப்பதற்காக உடலை நடுங்கவைத்தல் சிக்கனமாகாது.

மேற்கூறிய மூன்று உண்மைகளும் நமது அடுப்புக்கும் அப்படியே பொருந்தும். அவற்றை நோக்குமுன், எரிபொருளின் அருமையைக் குடாநாட்டு மக்கட்கு உணர்த்திய இரு காலங்களை நினைவூட்ட விரும்புகிறோம்.

1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின், குடாநாட்டுக்கு மண்ணெண்ணெய், பெற்றோல், மின்கலம் ஆகியன வருவது தடைப்பட்டது. மின்சாரமும் நின்றது. அந்நாளில் ஒரு போத்தல் மண்ணெண்ணெய் பொன்னாக மதிக்கப்பட்டது. யாம் போத்தலின் அடியிலே பஞ்சை இட்டு, அதிற் சிறிது எண்ணெயை ஊற வைத்து, மெல்லிய திரியில் ஏற்றிய விளக்கின் ஒளியிலே ஒரு தலைமுறை மாணவர்கள் கற்றுத் தேறினார்கள். அவ்விளக்கைக் கண்டவர்கள் எவரும் எண்ணெயின் ஒரு துளியையும் வீணாக்கமாட்டார்கள்.

இரண்டாவது காலம் 2022. அவ்வாண்டு நாட்டின் பொருளாதாரம் சரிந்தபோது, 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டரின் கொழும்பு விலை 4,800 ரூபாவைக் கடந்தது. 2021 ஒக்டோபருக்கு முன்னர் அதன் விலை 1,500 ரூபாவுக்கும் குறைவாகவே இருந்தது. விலை கொடுக்க ஆயத்தமாயிருந்தவர்க்கும் அது கிடைக்கவில்லை. மக்கள் வெற்றுச் சிலிண்டர்களை வரிசையில் வைத்து இரவுபகலாகக் காத்திருந்தார்கள். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. அதே மாதத்தில் மின்கட்டணம் சராசரியாக நூற்றுக்கு 75 வீதம் ஏறியது; 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம் ஏறியது. விறகடுப்பைக் கைவிட்டவர்கள் பலர் பழைய மூன்று கற்களைத் தேடிக் கோடிப்புறத்துக்குப் போனார்கள். விலைகள் பின்னர் ஏறியும் இறங்கியும் வந்துள்ளன. ஆயினும், பிறர் கையிலுள்ள ஒரே எரிபொருளை முழுதும் நம்பியிருக்கும் வீடு ஆபத்தான வீடு என்னும் பாடம் மாறவில்லை.

இனி விறகைப் பற்றிக் கூறுவோம்.

புதிதாகத் தறித்த மரத்தின் நிறையில் ஏறத்தாழப் பாதி தண்ணீராகும். ஆகவே பச்சை விறகை ஓர் அந்தர் வாங்குபவர் அரை அந்தர் தண்ணீருக்கு விலை கொடுக்கிறார். அதோடு நட்டம் முடிவதில்லை. அத்தண்ணீரை ஆவியாக்குவதற்கே விறகின் வெப்பத்தில் ஏழிலொரு பங்கு செலவாகிறது. நெருப்பும் தணிந்து, விறகு முற்றாக எரியாமற் புகையாகப் போகிறது. கண்ணைக் கரிக்கும் அந்தப் புகை எரியாத விறகேயன்றி வேறன்று. காசு புகைக்கூட்டால் வெளியேறுகிறது என்று சொன்னால் மிகையாகாது.

ஆதலால் மாரிக்கு வேண்டிய விறகைச் சோளகம் வீசும் ஆனி, ஆடி மாதங்களிலேயே பிளந்து காயவைத்தல் வேண்டும். முழுக்கட்டையாக வைத்தால் காயாது. கைப்பருமனுக்குப் பிளத்தல் வேண்டும். நிலத்திற் போடாது, இரண்டு கற்களின்மேல் தடியிட்டு, காற்று ஊடுருவுமாறு குறுக்கும் நெடுக்குமாக அடுக்குதல் நன்று. மேலே தகரமோ கிடுகோ இருக்கவேண்டும். ஆனால் பக்கங்களை மூடிக் கட்டிவிடலாகாது. நம் முன்னோர் அடுப்புக்கு மேலே பரண் கட்டி விறகை அடுக்கினார்கள். இன்றெரியும் நெருப்பு நாளைய விறகைக் காயவைத்தது. இதற்கு ஒரு சதமும் செலவில்லை. தீப்பொறி எட்டாத உயரத்தில் மட்டும் பரணை அமைத்தல் வேண்டும்.

விறகு காலையை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டியதில்லை. பனையுந் தென்னையும் தரும் எரிபொருளை நாம் முற்றாகப் பயன்படுத்துகிறோமா? காவோலையும் பன்னாடையும் விரைவிற் பற்றும். அடுப்பு மூட்ட மண்ணெண்ணெய் தேவையில்லை. பனைமட்டையும் தென்னைமட்டையும் சுவாலித்து எரியும். கொதிக்க வைக்க ஏற்றவை. சிரட்டையும் ஊமலும் கடுஞ்சூடு தரும். பொச்சு மெல்லக் கனன்று நெடுநேரம் தணலைக் காக்கும். எதை எப்போது அடுப்பில் வைப்பது என்று அறிந்த ஆச்சிமார் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டறிதல் இளையோர் கடமை. வேலியிலே சீமைக்கிளுவையை நட்டால், அதன் குழை ஆட்டுக்குத் தீனியாகவும் தோட்டத்துக்குப் பசளையாகவும், கதியால் விறகாகவும் உதவும். வெட்ட வெட்டத் தழைக்கும் மரம் அது. போர்க்காலத்திலே காப்பரண்களுக்காகவும் விறகுக்காகவும் எண்ணற்ற பனைகள் வீழ்ந்தன. நின்று பயன்தரும் பனையை விறகுக்காகத் தறித்தல், வங்கியிலிட்ட முதலைத் தின்பதை ஒக்கும்.

அடுத்தது அடுப்பு. மூன்று கற்களின்மேல் பானையை வைத்து எரிக்கும்போது விறகின் வெப்பத்தில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கே பானையைச் சேரும். எஞ்சியதைக் காற்றுக் கொண்டுபோகிறது. வாடை வீசும் நாளில் திறந்த அடுப்பின் நிலை இன்னும் மோசம். சுற்றிவர மண்சுவர் எழுப்பி, விறகுக்கு ஒரு வாய் மட்டும் விட்டாலே வேறுபாடு தெரியும். இலங்கையில் 1980களிலிருந்து பரவிய 'அநகி' என்னும் மண்ணடுப்பு இக்கருத்தின் வழிவந்ததே. ஒரு வாயில் இடும் நெருப்பு இரண்டு பானைகளைச் சூடாக்கும்; முன்னதிற் சோறு வேகும்போது பின்னதிற் குளிக்கும் தண்ணீர் காயும். சிங்களத்தில் அநகி என்றால் விலைமதிப்பற்றது என்று பொருள். குயவர் செய்யும் மலிவான இச்சாதனம் பெயருக்கேற்ற பயன் தருகிறது.

அடுப்பு எதுவாயினும், சமைப்பவர் கையிலுள்ள சிக்கனமே பெரிது. ஒரு சிறு கணக்கைக் கவனியுங்கள். ஒரு லீற்றர் கிணற்றுத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர வேண்டும் வெப்பத்தைப்போல, அதனை முற்றாக ஆவியாக்க ஏழு மடங்குக்கு மேல் வேண்டும். ஆகவே, கொதித்த பின்னும் தளதளவென்று எரிப்பவர், சோற்றை வேகவைக்கவில்லை. குசினிக்கு ஆவி பிடிக்கிறார். கொதிக்கும் தண்ணீர் எவ்வளவு எரித்தாலும் 100 பாகையைத் தாண்டுவதில்லை. கொதி வந்ததும் விறகை வெளியே இழுத்து, மூடியை இட்டு, மெல்லிய நெருப்பில் விட்டால் சோறு அதே நேரத்தில் வேகும். கடலை, பயறு முதலியவற்றை முதல்நாள் இரவே ஊறவைத்தல் வேண்டும். பிரஷர் குக்கர் உள்ள வீட்டார் இறைச்சிக்கும் பருப்புக்கும் அதனைப் பயன்படுத்தலாம். உள்ளே அமுக்கம் கூடுவதாற் கொதிநிலை 120 பாகையை எட்டி விரைவில் வேகும்.

மேல்நாட்டில் உலகப் போர்க்காலங்களிலே எரிபொருள் பஞ்சமுற்றபோது, பெண்கள் வைக்கோற் பெட்டியைப் பயன்படுத்தினார்கள். நன்றாகக் கொதித்த பானையை மூடியோடு இறக்கி, நாற்புறமும் வைக்கோல் திணித்த பெட்டியில் வைத்து, மேலும் வைக்கோற் பொதியால் மூடிவிட்டால், நெருப்பின்றியே அது வெந்துவிடும். நமக்கு வைக்கோலும் உண்டு, கடகமும் உண்டு. அரிசிக்கும் பயற்றுக்கும் இதனைச் செய்து பார்க்கலாம். வெந்ததும் சூட்டோடு உண்ணவேண்டும். நாள்முழுதும் வைத்திருந்தாற் பழுதாகும்.

தேநீருக்காக நாளைக்கு நான்கு முறை கேத்திலை ஏற்றுவதிலும், காலையில் ஒருமுறை கொதிக்கவைத்துச் சுடுதண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைப்பது இலாபம். மின்கேத்தில் உள்ளவர்க்கு மற்றுமொன்று. நமது கிணற்று நீர் சுண்ணக்கல்லில் ஊறிய நீர். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது அச்சுண்ணமே. அப்படை தடித்தால் சூடு மெதுவாகவே ஏறும். தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ விட்டு ஊறவைத்துக் கழுவினால் அது நீங்கும். வீட்டு மின்கட்டணம் பாவனை கூடக்கூட உயர்ந்த படிக்கு ஏறும் முறையில் அமைந்தது. எல்லையைக் கடக்கச் செய்யும் சில அலகுகளே பட்டியலைப் பெருக்கிவிடும் என்பதையும் மறத்தலாகாது.

இனிக் குளிக்கும் தண்ணீர். மார்கழியிலும் மழையில்லா நாட்களில் நமக்கு வெயிலுண்டு. அண்டாவில் தண்ணீரை நிரப்பி முற்றத்தில் வைத்து, குழந்தையை மாலையில் குளிப்பாட்டிய வழக்கம் நம் வீடுகளில் இருந்ததே. புறத்தே கரிபூசிய பாத்திரம் வெயிலை இன்னும் நன்றாக உறிஞ்சும். விடியற்காலை நீராடுவோர் முதல்நாள் வெயிலிற் காய்ந்த நீரை மூடிச் சாக்காற் சுற்றி வைத்தால், அதிகாலையில் ஒரு சிறு கொதிநீர்க் கலப்பே போதும். பதினைந்து லீற்றர் நீரை முழுக்கக் கொதிக்க வைத்துப் பின்னர் குளிர்நீர் கலந்து ஆற்றுவது எத்துணை வீண்! வாளிக்குள் மின்கம்பியை அமிழ்த்திச் சூடாக்கும் கருவியைப் பாவிப்போர், ஆளியை நிறுத்திச் செருகியைக் கழற்றாமல் நீரைத் தொடவே கூடாது. ஈரத்தரையும் மின்சாரமும் சேர்ந்தால் உயிருக்கே உலை.

அன்பர்களே, இதுவரை காசைப் பற்றிப் பேசினோம். காசிலும் பெரிய ஒன்றைப் பற்றி இனிக் கூறவேண்டும்.

இலங்கையில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்ட வீடுகள் விறகிலேயே சமைத்தன என்று 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு காட்டியது. வீட்டினுள் எழும் அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அப்புகையை மிகுதியாக உண்பவர் யார்? விறகை மலிவாக வாங்கிவந்து பெருமைப்படும் ஆடவரா? அல்லர். மழைக்கு யன்னலைச் சாத்திவிட்டு, ஈரவிறகை ஊதி ஊதிக் கண்சிவந்து இருமும் தாயும், அவள் மடியைவிட்டு இறங்காத குழந்தையுமே. ஆகவே சிக்கனம் என்று ஒன்றைச் செய்யுமுன், அதன் பாரம் யார் தலையில் இறங்குகிறது என்று கேட்டல் வேண்டும். காய்ந்த விறகும் நல்ல புகைக்கூடும் செலவையும் குறைக்கும். தாயின் சுவாசப்பையையும் காக்கும். அது சிக்கனம். புகைக்கூடு கட்டும் செலவை மிச்சம்பிடித்து வைத்தியச் செலவுக்கு வழிதேடுவது உலோபம்.

ஓர் எச்சரிக்கை. குளிருக்காகத் தணற்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்குதல் கூடவே கூடாது. கரித்தணலிலிருந்து எழும் காபனோரொட்சைட்டு என்னும் வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குபவர் உறங்கியபடியே மாள நேரும். பிள்ளைபெற்ற தாயின் அறையில் இது பற்றி மிகுந்த கவனம் வேண்டும். உடலைச் சூடாக வைப்பதற்கு நெருப்பைவிட எளிய வழிகள் உண்டு. வாடை புகும் வடக்கு, கிழக்கு யன்னல்களின் இடுக்கை அடைக்கலாம். ஈரநிலத்திற் பாயை மட்டும் விரித்துப் படுக்காமல், கீழே உலர்ந்த சாக்கையோ பலகையையோ இடலாம். தலையையும் பாதங்களையும் போர்த்திக்கொள்ளலாம். ஒழுக்குக் கூரையை ஐப்பசிக்கு முன்னர் ஓடுமாற்றிச் செப்பனிடலாம். நனைந்த சுவரும் தரையும் உள்ள வீட்டில் எத்தனை போர்வை போர்த்தாலும் குளிர் அகலாது.

இங்கே நமது சமூகத்தின் இன்றைய நிலையையும் கருதவேண்டும். பிள்ளைகள் கடல்கடந்து வாழ, முதியோர் தனித்திருக்கும் வீடுகள் நம் ஊர்களிற் பல. அவர்கட்குப் பணம் வருகிறது. ஆனால் விறகு பிளக்கப் பணத்துக்குக் கையில்லை. பிளந்து தர ஆளில்லாத காரணத்தால், மார்கழியில் பச்சைத்தண்ணீரிற் குளித்துத் தடிமனும் நெஞ்சுச்சளியும் கொள்ளும் ஆச்சி, செலவைக் குறைத்தவர் அல்லர், தம்மைக் குறைத்தவர். அதேபோல, போரில் கணவனை இழந்து குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண், மழை நாளில் ஈரவிறகைச் சிறுகச் சிறுக வாங்குவதால் வசதியுள்ளவரிலும் கூடிய விலை கொடுக்கிறார். ஒருமித்து வாங்கிக் காயவைக்க இயலாமையே வறியவர்மீது விழும் வரி.

ஆதலால் இளைஞர்களுக்கு நான்கு வேலைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, ஆடி மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளை ஒதுக்கி, தனித்திருக்கும் முதியோர் வீடுகளில் விறகு பிளந்து அடுக்கிக் கொடுத்தல்.

இரண்டாவது, குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்காகக் கோடையிலே மொத்தமாக விறகு வாங்கிக் கொட்டிலில் காயவைத்து, மாரியில் வாங்கிய விலைக்கே கொடுத்தல். இலாபம் வேண்டியதில்லை; நட்டமும் வராது.

மூன்றாவது, ஊருக்குப் பத்து வீட்டிலாவது இருவாய் மண்ணடுப்பும் புகைக்கூடும் அமைத்து, அங்கு ஒரு மாதத்துக்குச் செலவாகும் விறகை நிறுத்துக் கணக்கெழுதி, அடுத்த ஆண்டு இச்சபையில் வாசித்தல். அயலவர் எண்களைக் கண்டால் தாமே பின்பற்றுவர்.

நான்காவது, மழை தொடங்கியதும் எல்லைவேலிகளில் சீமைக்கிளுவைக் கதியாலும், வெறுங்காணிகளிற் பனங்கொட்டையும் நடுதல். அப்பனைகளின் பயனை நாம் காணாமலும் போகலாம். நாம் இன்று எரிக்கும் மட்டையும் நம் பாட்டன் நட்ட பனையில் விழுந்ததே.

பெரியோர்களே, தைப்பொங்கல் நாளில் முற்றத்திலே மூன்று கல் வைத்து நெருப்பு மூட்டும்போது, அதைச் சுற்றி வீட்டார் அனைவரும் நிற்கிறோம். மற்றைய நாட்களில் அந்நெருப்பின்முன் தாய் ஒருத்தியே நிற்கிறாள். அவளுக்குக் காய்ந்த விறகும், புகையில்லா அடுப்பும் கொடுப்பது பெரும்பணம் வேண்டும் காரியமன்று. முன்யோசனையும் சிறிது உடலுழைப்புமே வேண்டும். அவ்விரண்டும் நம் இளைஞரிடம் உண்டு. வருகின்ற ஆடிச் சோளகம் வீணாகப் போகாதிருக்கட்டும்.